ஒன்பதாவது கிளிப்

முதலில் உப்பைக் கழற்ற வேண்டும்.
குருநகரில் எங்கள் கிணறு சவர்.
அதில் கழுவுவது
கடலில் இருந்து எடுத்துக் கடலில் போடுவது மாதிரி.
பவுசர் வரும் செவ்வாயும் வெள்ளியும்
ஒரு பேணி நல்ல தண்ணியை எனக்கென்று ஒதுக்குவேன்.
ஜெனோவியா பார்த்தும் பாராதது போல் இருப்பாள்.

ஒஸ்லோவில் இருந்து மச்சான் பெனிற்றோ அனுப்பிய பெட்டி.
இறகும் ஆட்டுமயிரும் மினுக்கு நூலும் சுற்றிய கொளுக்கிகள்.
அந்த ஊரில் இதற்குப் பெயர் இலையானாம்.
குளிர்ந்த ஆற்றில், ரின்னில் அடைபடுவதற்கு முந்திய
சமன் மீனுக்கென்று கட்டியவை.
இங்கே பண்ணைப் பாலத்தடியில்
பின்னேரம் ஆறரைக்கு நான் எறிகிறேன்.
கொடுவாவுக்கு நோர்வே எது, நாவாந்துறை எது.

கழுவியதை உதறக் கூடாது. ஊத வேண்டும்,
சுடுதேத்தண்ணிக்கு ஊதுவது போல வாயைக் குவித்து,
இறகின் அடியிலிருந்து நுனிக்கு.
பிறகு கொடியில், உடுப்புக் கிளிப்பில், தலைகீழாக.
வெயிலில் அல்ல.
வெயிலில் போட்ட மஞ்சள் ஒரு கிழமையில்
பழைய தேர்தல் நோட்டீசின் நிறத்துக்கு வந்துவிடும்.
நிழலில்.
சோளகம் மதிலுக்கு மேலால் வந்து
ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகும்,
வாங்குகிற எண்ணமில்லாமல் புடவைக்கடைக்குள் வந்த ஆள் மாதிரி.

உண்மை இலையான் ஒன்று வந்து
பொய் இலையானில் இருக்கும். மீன் வாசம்.
இரண்டும் கொஞ்ச நேரம் ஆடும்.
ஒன்று பறக்கும்.

ஈரத்தோடு பெட்டியை மூடியவன்தான் நானும்.
போன வருசம், அந்தோனியார் கொடியேற்றத்தன்று, அவசரத்தில்.
திறந்தபோது ஒரு கொளுக்கியின் கறள்
பக்கத்துக் கொளுக்கிக்கும் அதிலிருந்து அடுத்ததுக்கும்
அயலில் கதை போகிற வேகத்தில் போயிருந்தது.
வெள்ளை மயிரில் பழுப்பு வட்டம்.
பதினாலில் ஒன்பது தப்பியது.
அன்றிலிருந்து
தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு,
மகளின் பழைய பல்துலக்கி,
நகம்வெட்டியில் இருக்கிற சின்ன அரம்.
நுனியைப் பெருவிரல் நகத்தில் இழுத்துப் பார்ப்பேன்.
வழுக்கினால் இன்னும் தேய்க்க வேண்டும்.
கீறினால் போதும்.

நசுங்கிய இறகுக்கு ஆவி.
அதற்கு ஜெனோவியாவின் நீத்துப்பெட்டி.
புட்டு அவிகிற நேரம், விளிம்பால் கசிகிற ஆவியில்
குறட்டால் பிடித்துக் காட்டினால்
சப்பளிந்த இறகு
குறைநித்திரையில் எழும்பின பிள்ளை மாதிரி
முதலில் ஒரு பக்கம் மட்டும் நிமிரும்.
"ஒருநாள் இது புட்டுக்குள்ள கிடக்கும்.
நீங்கதான் முதல் வாய் சாப்பிடுவியள்" என்பாள்.
சொல்லிக்கொண்டே அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வைப்பாள்.

இன்றைக்கும் கிளிப் ஒன்பது எடுத்தேன்.
தொங்குவது எட்டு.

அந்த மஞ்சள்.
நேற்று, பாலத்தின் மூன்றாவது கண்ணுக்குள்,
ஒரு கொடுவா, முழக்கைக்கு மேல் இருக்கும்,
வாய்க்குள் எடுத்துக்கொண்டு
சிப்பி ஒட்டிய தூணைச் சுற்றிப் போனது.
நூல் அறுந்தபோது கை வெறுமனே பின்னுக்கு வந்தது.
பக்கத்தில் நின்ற றெஜிபோல்ட்
"போனது மீனோ இலையானோ" என்றான்.
இரண்டும்தான் என்றேன். சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அது அங்கே இருக்கும்,
உதட்டோரம் மஞ்சள் இறகோடு,
வாயை முழுதாய் மூட முடியாமல்,
இறால் தேடிக்கொண்டு.
அந்த இறகை யார் கழுவுவது. யார் ஊதுவது.
இராப்பகலாய் உப்பிலேயே கிடக்கும், ஒருக்காலும் காயாமல்.

கறளே,
கிழமைக்கு இரண்டு நாள்
பேணித் தண்ணியும் எண்ணெயுமாய்
உன்னைத் துரத்துகிறவன் கேட்கிறேன்.
இந்தக் கொடிப் பக்கம் வராதே.
பாலத்தடிக்குப் போ. அந்த ஒன்றுக்குக் கெதியாய்ப் போ.
வளைவில் பிடி. அரி. பொடியாக்கு.
என் வீட்டில் நீ செய்ததை எல்லாம்
அங்கே செய்.

ஜெனோவியா வந்தாள், கையில் ஈரச் சட்டையோடு.
"இது சும்மாதானே கிடக்கு" என்று
ஒன்பதாவது கிளிப்பைக் கழற்றிக்கொண்டு போனாள்.