இருந்துபோன நீர்

அதிகாலை மூன்றே முக்காலுக்கு
பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டிலிருந்து
ஐஸ் பெட்டியோடு வெளியே வருகிறேன்.
கோரிப்பாளையம் சிக்னல் மஞ்சளை மட்டும் சிமிட்டுகிறது.
பெட்டிக்குள் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாய்
தொப்புள்கொடி.
செக்கானூரணி வனப்பேச்சி, வயது இருபத்துநான்கு,
தலைப்பிரசவம், பெண்.
சம்மதக் கையெழுத்தில் 'ச்'சன்னாவுக்குப் புள்ளி இல்லை.

"மீனா?" என்றார் ஆட்டோக்காரர்.
ஆமாண்ணே என்றேன்.
விளக்க ஆரம்பித்தால் நாகமலை வந்தும் முடியாது.
அவள் ஊருக்குப் போகும் ரோட்டிலேயே
பாதி தூரம் போய்
பல்கலை நகரில் இறங்கிக்கொள்ளும் கொடி.

நறுக்கித் தட்டில் ஒட்டவிட்டால்
பத்து நாளில் ஸ்டெம் செல்கள்
அயிரைக் கூட்டம்போல் ஒரே திசையில் படுத்திருக்கும்.
இரண்டு நாள் பட்டினி போடுவேன்.
பட்டினியிலும் எதையோ சுரந்துகொண்டிருக்கும்.
அப்புறம் செல்களை விட்டுவிட்டு
அவை இருந்த நீரை மட்டும் எடுப்பேன்.
இளஞ்சிவப்பு, மஞ்சளுக்குத் திரும்பப் பார்ப்பது.
குடியிருந்தவர்கள் காலிசெய்த வீட்டில்
தாளித்த வாசனை மட்டும் நிற்குமே,
அப்படி.

இன்னொரு தட்டில் மார்புப் புற்று.
எங்கோ பனி பெய்யும் ஊரில்
நான் பிறக்குமுன்பே செத்துப்போன ஒருத்தியுடையது.
அவள் போய்விட்டாள். அது போகவில்லை.
திங்களும் வியாழனும் அதற்கு நான் சோறு மாற்றுகிறேன்.
வனப்பேச்சிக்கு அவளைத் தெரியாது,
அவளுக்குச் செக்கானூரணி தெரியாது,
பிப்பெட் முனையில் நான்தான் அறிமுகம் செய்துவைக்கிறேன்.

எழுபத்திரண்டு மணி நேரம்.
முதல் கொடியின் நீரில் புற்று தளர்ந்தது.
ரஹ்மத் மேடம் எல்லாருக்கும் வடை வாங்கிவரச் சொன்னார்.
இரண்டாவது, மேலூர்க் கொடி.
அதே அளவு, அதே தட்டு, அதே நான்.
நான் கீறிவைத்த பாதையை
ஒரே ராத்திரியில் தூர்த்துவிட்டது புற்று.
மூன்றாவது வாயே திறக்கவில்லை.

காயம் என்றால் ஓடுகிற சுபாவம் இந்தச் சுரப்புக்கு.
பசி என்றால் ஊட்டும்,
ரத்தம் வர வாய்க்கால் வெட்டித் தரும்,
எரிச்சலை அடங்கச் சொல்லும்.
கேட்பது யாரென்று பார்ப்பதில்லை.
புற்றும் காயத்தின் குரலில்தானே கூப்பிடுகிறது.

இதைத் தவமணிக்கு எப்படிச் சொல்ல?
கொடியைத் துடைத்து என் கையில் தருகிற ஆயா.
ஜாக்கெட்டின் இடப்பக்கம்
மடித்த கைக்குட்டையை ஊக்கு குத்தியிருப்பாள்.
குனிந்தால் நகரும்,
பேச்சை நிறுத்தாமலே சரிசெய்துகொள்வாள்.
போன வாரம் கேட்டாள்:
"அந்தத் தண்ணிய ஊத்துனா கட்டி கரைஞ்சிருமா தாயி?"
சிலதுல கரையுற மாதிரி இருக்கு,
சிலதுல வளருது.
"ஏன்?"
தெரியலக்கா.
"எங்க மாமியா வாயி மாதிரில்ல இருக்கு.
மூத்தவளுக்குத் தேனு, எனக்கு எட்டிக்கா."
சிரித்தாள். வராண்டாவில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.
சிரிப்பு நின்ற பிறகு, பெட்டியின் மூடியைப் பார்த்தபடி:
"எம்புள்ளைக ரெண்டு கொடியையும் குழியில போட்டாக.
அதுல எந்தத் தண்ணி இருந்துருக்கும்?"

நோட்டில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்.
கொடி பதினொன்று.
இன்குபேட்டர் முப்பத்தேழு டிகிரி,
ஒரு பெண்ணின் வயிற்றுச் சூடு.
பதினொன்றின் நீரெடுக்க இன்னும் பன்னிரண்டு நாள்.
அதற்குள் செக்கானூரணியில்
குழந்தையின் தொப்புள் காய்ந்து
துணி மாற்றும்போது உதிர்ந்திருக்கும்.