மறுபடி முயலவும்

காலையில் முதலில் என் பெருவிரலைத்தான் கேட்கும் மெஷின்.
கொடுத்தால் ரேஷன் கடை திறக்கும்.

பிறகு பள்ளியாடி வரும், விரல் விரலாக.
பிடித்து, துடைத்து, கண்ணாடியில் வைத்து அழுத்துவது என் வேலை.
முகம் பார்க்க நேரமில்லை.
ரப்பர் வெட்டும் தாசையனுக்கு நகக்கண்ணில் காய்ந்த பால்,
சுரண்டினால் நூலாக இழுபடும்.
கொத்தனார் விரலின் சிமென்ட் வெடிப்பு
என் தோலைக் கொளுவிக்கொண்டுதான் விடும்.
குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் பனியம்மை
கை கழுவித்தான் வருவாள்,
ஆனாலும் ஒரு செதில்.

கனகபாய் வந்தால் வரிசை முணுமுணுக்கும்.
அண்டி ஆபீசில் பத்தொன்பது வருடம்.
வறுத்த அண்டியின் எண்ணெய் தின்றதுபோக மிச்சம் அந்த விரல்.
சோப்பில் பெயர் தேய்ந்த பிறகு
ஒரு வழுவழுப்பு வருமே, அது.
'மறுபடி முயலவும்.'
வலது பெருவிரல். ஆள்காட்டி. இடது.
ஈரத்துணியில் துடைத்து, என் சட்டையில் தேய்த்து, இன்னொரு முறை.
என் இரண்டு விரல்களுக்கு நடுவே
அது எதையும் சொல்லாமல் கிடக்கிறது.

ஓ.டி.பி. போகும் போன் மஸ்கட்டில், அவள் மாப்பிள்ளையிடம்.
டியூட்டியில் எடுக்க மாட்டார்.
'நிக்கட்டா, போட்டா?' என்றாள்.
நின்றாள்.

சும்மா நிற்க மாட்டாமல் பிரித்த சாக்குக்குள் கை விட்டு அளைந்தாள்.
நெற்றி சுருங்கியது.
நாலு மணி எடுத்துக் கீழுதட்டில் உருட்டிப் பார்த்தாள்.
'ஈரம் இருக்கு' என்றாள், எல்லாருக்கும் கேட்க.
வரிசை என்னைப் பார்த்தது.

'கையி எனக்கு ஒண்ணும் சொல்லாது, சாரே.
அஞ்சாறு வருசமாட்டு அப்பிடித்தான்.
பிள்ளைக்குப் பனியாண்ணு முழங்கை வச்சுப் பாப்பேன்.
சேலை எடுக்கப் போனா கன்னத்துல வைப்பேன்.
மார்த்தாண்டத்துக் கடைக்காரன் சிரிப்பான்.
சிரிக்கட்டு.'

நானும் கை விட்டேன், மணிக்கட்டு வரை.
அரிசி.
அவ்வளவுதான் தெரிந்தது.

எண் வந்து சேர ஒன்றேகால்.
பன்னிரண்டு கிலோ, இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.
தராசுத் தட்டில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு
ஷட்டரைப் பாதி இறக்கி,
ஒரு நுள்ளு அரிசி எடுத்து உதட்டில் வைத்தேன்.

ஒன்றுமில்லை.
சாக்கின் வாடை, கொஞ்சம் தூசி.

மறுபடி வைத்தேன்.