விறகுக்குப் பூஜ்யம்

தாலினில் என் மேசைமேல் ஒரு கோடு.
தொண்ணூறில் மலைமுகடு,
தொண்ணூற்று மூன்றில் அதலபாதாளம்.
நாட்டின் கரியமில வாயு பாதியாகிவிட்டதென்று
வெளிநாட்டு அரங்கொன்றில் கைதட்டினார்கள்.
கோட்டைத் திரையில் காட்டியவள் நான்.
கைதட்டலில் எனக்கும் பங்கு கிடைத்தது,
மதிய உணவோடு.

பிறகு வீட்டு எரிபொருள் கணக்கெடுக்கக்
கிழக்கே போனேன், கிவியோலிக்கு.
பெயருக்கே கல்லெண்ணெய் என்று பொருள்.
மண்ணுக்கடியில் எரியும் பாறை,
மேலே அதன் சாம்பல் மலை.
மலையில் இப்போது பிள்ளைகள் பனிச்சறுக்குகிறார்கள்.

நினெல் ஆர்க்கிபோவ்னா கதவைத் திறந்தார்.
தலைவர் ஒருவரின் பெயரைத் திருப்பிப் போட்டு
அப்பா வைத்த பெயர்.
"திரும்பியது பெயர் மட்டுமா" என்றார், சிரிக்காமல்.

தொண்ணூற்று மூன்றில் என்ன எரித்தீர்கள்?
படிவத்தில் ஏழாம் கேள்வி.

முன்னறைத் தரையின் ஓக் பலகை, முழுவதும்.
தொட்டில்; ரோஸ்திக் வளர்ந்துவிட்டான்.
கட்சி வரலாறு, பதினொரு தொகுதி.
"நல்ல தாள். நிதானமாக எரிந்தது."

மரம் மறுபடி முளைக்கும் என்பது எங்கள் விதி,
ஆகவே விறகுக்குப் பூஜ்யம்.
தொட்டில்: பூஜ்யம் என்று எழுதினேன்.

சுரங்கத்தில் காற்று விசிறி ஓட்டியவர் அவர்.
கிழக்கிலிருந்து ஆர்டர் நின்றது,
ரூபிள் செத்தது,
ஆற்றுப் பாலத்தில் புது எல்லை, புது முத்திரை.
ஒரு வியாழக்கிழமை விசிறியும் நின்றது.
அந்தக் குளிர்காலம்
ஊரின் உலைகளிலெல்லாம் பூனை தூங்கியது.

"நெருப்பில்லாமல் புகையாது என்கிறீர்கள்.
புகையே இல்லையென்றால்
நெருப்பை நம்பிய வயிறு என்ன ஆனதென்று
கேட்க வேண்டாமா?"

நல்லதையும் மறைக்கவில்லை.
கொடியில் போட்ட துணி
முதல்முறையாக வெள்ளையாகவே காய்ந்ததாம்.
மகனின் இருமல் மார்ச்சில் நின்றது.
பால் பிப்ரவரியிலேயே நின்றிருந்தது.

விடாத புகைக்கும் விலை உண்டென்று
பின்னால்தான் தெரிந்தது.
நாங்கள் விடாமல்போன புகையை
விட்டுக்கொண்டிருந்த நாடொன்றுக்கு விற்றது அரசு.
அந்தப் பணத்தில் வாங்கிய மின்காரில்
நலத்துறைப் பெண் மாதமொருமுறை வந்து
நினெலுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறாள்.
"என் பட்டினியில் ஓடுகிற வண்டி.
சத்தமே வராது, பார்த்திருக்கிறாயா?"

வாயடைத்துப்போனேன் என்று எழுத ஆசை.
எட்டாம் கேள்விக்குப் போனேன்.

அடுத்த ஆண்டு போர்.
குழாயில் வாயு நின்றது, மின்சாரம் பொன்விலை.
கார்பன் சான்றுக்குக் கட்டியது போகவும்
எரியும் பாறையில் லாபம் மிஞ்சியது.
ரோஸ்திக்கை இரவு ஷிப்டுக்குக் கூப்பிட்டார்கள்.
கோடு தலைதூக்கியது.
எங்கள் அலுவலகத்தில் தலைகுனிவு;
கிவியோலியில் போனஸ்,
நினெலுக்கு இரண்டு புதுப் பல்.

அதற்கடுத்த ஆண்டு சந்தை இறங்கியது.
பணிநீக்கக் கடிதம், இரு மொழியிலும்.
கோடு மறுபடி பணிந்தது,
அமைச்சர் மறுபடி விமானமேறினார்.

கணினியில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில்
காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம்.
'பொருளாதார மறுசீரமைப்பு' என்றே
இதுவரை நிரப்பியிருக்கிறேன்.
நேற்று, எல்லோரும் போன பிறகு,
அதை அழித்துத் 'தொட்டில்' என்று தட்டினேன்.

மென்பொருள் சிவப்பில் கேட்டது:
அலகு?