எடைமேடை

எல்லைக்கு இருபது கிலோமீட்டர் முன்பே
வரிசை தொடங்கிவிடுகிறது.
கன்தோமொர் எஞ்சினை அணைப்பதில்லை.
மைனஸ் முப்பத்தைந்தில் டீசல் கூழாகிவிடும்,
பிறகு அடியில் தீ மூட்டித்தான் எழுப்பவேண்டும்.
இரண்டு இரவு, மூன்று பகல்
நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது லாரி.
முன்னால் நூறு, பின்னால் நூறு,
கோபிப் பாலையின் வெள்ளை முதுகில்
கறுப்பு நூலில் ஒரு தையல்.

எடைமேடையில் ஏறியதும்
சிவப்பு எண்கள் துள்ளி அடங்குகின்றன:
தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு டன்.
வண்டியின் எடை போக மிச்சம் நிலக்கரி.
அது அப்பால் ஓர் உலையில் வெந்து
புகைபோக்கி வழியே கிளம்பும்போது
நிறுக்க ஆளில்லை,
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.
சீட்டில் ஒரு முத்திரை.
போ.

போன கோடையில் மழை இல்லை.
வந்த ஒன்றும் அரை மணியில் கொட்டிவிட்டு
மண்ணைப் பறித்துக்கொண்டு போனது.
புல் ஒரு விரற்கணுவோடு நின்றுவிட்டது.
விலா எலும்பு தெரியத்தான்
குளிர்காலத்துக்குள் நுழைந்தன ஆடுகள்.
டிசம்பரில் பனி. அது பரவாயில்லை,
பனியைக் குளம்பால் கிளறத் தெரியும் அவற்றுக்கு.
ஜனவரி நடுவில்
யாரும் கேட்காத மூன்று நாள் வெயில்.
உருகியது இரவில் இறுகி
நிலத்துக்கு ஒரு கண்ணாடி மூடி.
அடியில் புல் தெரிகிறது.
வாய்க்கு எட்டவில்லை.

மங்கோலியர்கள் இதற்கு வைத்த பெயர் சூட்.
இரும்பு சூட்.
என் காதில் அது சூடு என்றே விழுகிறது.
உறையவைத்துக் கொல்வதற்குப் போய்
இப்படியொரு ஒலியா என்று
திருத்திக்கொள்ளப் பார்த்தேன்.
விட்டுவிட்டேன். இருக்கட்டும்.

கன்தோமொரின் அக்கா யஞ்சிமாவுக்கு
நானூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள் இருந்தன.
மார்ச்சில் எண்ணும்போது முப்பத்தேழு.
போனில் எண்ணை மட்டும் சொன்னாள்.
வேறொன்றும் தோன்றாமல்
"சாப்பிட்டாயா" என்றான் அவன்.
"இறைச்சிக்கா பஞ்சம்" என்று சிரித்தாள்.
பிறகு, நாய்கூட முகர்ந்துவிட்டுப் போகிறது என்றாள்.

பத்து வருடம் முன்பு வந்த சூட்டில்
தன் பங்கு மந்தையை இழந்துதான்
அவன் லாரிக்குக் கடன் வாங்கினான்.
மந்தை போனவன் கரி சுமக்க வந்த கதையை,
அந்தக் கரி எங்கே போகிறதென்பதை,
வட்டமாக யாரேனும் வரைந்து காட்டினால்
கவனமாகப் பார்ப்பான்.
தவணை யார் கட்டுவது என்று கேட்பான்.

யஞ்சிமா தன்னையும் விடுவதில்லை.
வெள்ளாட்டு ரோமத்துக்கு விலை ஏறிய வருடம்
நாமும்தானே இரட்டிப்பாக்கினோம்,
ஆடு புல்லை வேரோடு பிடுங்கும்,
அதையும் கணக்கில் எழுது என்கிறாள்.

வட்டார அலுவலகப் பெண் வந்து
கூடாரத் தரையில் வரைபடம் விரித்தாள்.
இந்தப் பள்ளத்தாக்கை மூன்று கோடை தொடக்கூடாது.
ஆடு பாதி போதும்.
மலைமுகட்டில் காற்றாலை வரப்போகிறது,
ஓட்டுநர்களுக்கு அங்கே வேலை உண்டாம், சிலருக்கு.
எல்லோரும் ஒப்புக்கொண்டால் நானும், என்றாள் யஞ்சிமா.
அந்த எல்லோரில்
பக்கத்து முகாம்காரன் இருக்கிறான்,
எல்லைக்கு அப்பாலுள்ள உலை இருக்கிறது,
எந்த ஊரிலோ அவள் ஆட்டின் ரோமத்தைப்
போர்த்திக்கொண்டு விமானம் ஏறுகிறவர் இருக்கிறார்.
கையெழுத்துக்கு விட்ட இடமோ
ஒரு பெயருக்கு மட்டும்.

திரும்பும்போது லாரி எப்போதும் காலி.
இந்த முறை எல்லை ஊரில்
இருநூறு கட்டு உலர்புல் ஏற்றினான்.
எவ்வளவு பெருக்கியும் தளத்தில் கரித்தூள் போகவில்லை.
முதல் ஆடு மோந்தது,
கறுப்பாய் ஒரு தும்மல் தும்மியது,
தின்னத் தொடங்கியது.
இந்தப் பாதையில் எடைமேடை கிடையாது.

வியாழக்கிழமை சுரங்கத்தில் அவனுக்கு முறை.
ஏறும்போது கேட்டாள்,
கடன் இன்னும் எத்தனை மாதம்?

பதினெட்டு.

நடுவில் ஒரு குளிர்காலம் இருக்கிறதே, என்றாள்.