அரை மீட்டர்

செவ்வாய் ராத்திரி அப்டேட் இறங்கியது, நாலு ஜிபி.
களியக்காவிளையில் அது லேசுப்பட்ட காரியமில்லை.
ஜன்னலோரம் வைத்தால் கேரளா டவர்,
படிக்கட்டில் வைத்தால் நம்ம டவர்,
நடுவில் வைத்தால் இரண்டும் கிடையாது.
டென்சிங் அண்ணன் ஒன்றரை மணி வரை கடையைப் பூட்டாமல்
சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கீழே வாழைத்தார் இறக்கும் சத்தம்.

அதுவரை ஆட்டம் என்னுடையது.
என் ஆள் இரட்டைக் கோடரிக்காரி,
உயிர் கொஞ்சம், கால் வேகம்.
ஒருமுறை மூலைக்குத் தள்ளிவிட்டால்
மேலா, கீழா, பிடியா என்று
எதிராளிதான் ஊகிக்க வேண்டும்.
நான் யோசிக்க வேண்டியதே இல்லை.
நிஜில் எத்தனை இரவு அங்கே செத்திருக்கிறான்!
பாறசாலையிலிருந்து ஸ்கூட்டரில் வருவான்,
ஐம்பது ரூபாய்க்கு ஒரு மணி நேரம் சாவான்,
அவனுடைய அந்தக் கனத்த கரடியோடு.
"போட்டே" என்று சிரித்துவிட்டு ஹெல்மெட் மாட்டுவான்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது.
ஒரு நொடியை அறுபதாக நறுக்கி
அதில் மூன்று துண்டுக்குள்,
அடி மேலே படுகிற அந்த இடத்தில்,
இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால்
அடித்தவள் தெறித்துப் போய் விழுவாள்.
விலை அரை மீட்டர்.
திரைக்கு அடியில் மெல்ல நிரம்பும் நீலக் கோட்டில் பாதி.
நாங்கள் மறிப்பு என்றோம்,
பாறசாலைப் பையன்கள் தட என்றார்கள்,
ஒரு வாரத்தில் எல்லாருக்கும் அது வெறும் அரை.
"லேய், அரையைப் போடுடே!"

பதினோரு ஆட்டம் வரிசையாகத் தோற்றேன்.
தோற்றதுகூடப் பரவாயில்லை.
என் கட்டைவிரல்
ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்க ஆரம்பித்தது:
அடிக்கட்டுமா?

பகலில் எனக்கு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை.
கையை இழுத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் தெரியும்.
ஊசி பட்டு இழுப்பதில்லை அவர்கள்,
பஞ்சு பட்டதுமே இழுப்பார்கள்.
புதன்கிழமை, ஒரு போலீஸ்காரர் கையைத் தட்டி நரம்பு தேடும்போது
சட்டென்று பிடி கிடைத்தது.
அன்றைக்கு இரவு பஞ்சை மட்டும் வைத்தேன்.
கோடரியை ஓங்கி, நிறுத்தி, அரையடி பின்னால்.
கரடி வெறும் காற்றை மறித்தது,
நீலம் பாதி காலி.
அதன் பிறகு அவனிடம் ஒன்றுமில்லை.
பழையபடி மேலா, கீழா, பிடியா.
டென்சிங் அண்ணன் மேசையைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு முப்பது பேர்.
திருவனந்தபுரத்திலிருந்து சொந்த ஸ்டிக்கோடு இரண்டு பேர் வந்து
மத்தியானத்துக்குள் தோற்றுப் பரோட்டா தின்னப் போய்விட்டார்கள்.
கடைசியில் நானும் நிஜிலும்.
கடைசி ரவுண்டு.
கரடி மூலையில், நீலக் கோடு நிறைய.
நான் ஓங்கினேன், நிறுத்தினேன்.
அவன் அமுக்கவில்லை.
இன்னொரு தடவை.
அவன் விரல் பட்டனுக்கு மேலே சும்மா இருந்தது,
நான் பார்த்தேன், சும்மாதான் இருந்தது.

பின்னால் கத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.
கடிகாரத்தில் பத்தொன்பது.
கரடி ஒரு எட்டு முன்னால் வைத்தது.
அடிக்கவில்லை. நடந்தது.
அடித்தால் மறிப்பான் என்று நான் ஒரு எட்டு பின்னால்.
அது ஒன்று, நான் ஒன்று.
மார்க்கெட்டில் சாக்குமூட்டை சுமக்கிறவர் வந்தால் ஒதுங்குவோமே, அப்படி.
நீலம் சொட்டுக்கூடக் குறையாமல்
மைதானம் முழுவதும் அவன் என்னை நடத்திக்கொண்டு போனான்,
முதுகில் சுவர் முட்டும்வரை.

இரண்டு வருடமாக ஆடுகிறேன்.
அந்த மூலையில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது,
கம்பத்தடியில் ஒரு நாய் படுத்திருக்கிறது.
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரடி என்னைத் தூக்கியது.

"ஏன் பிள்ளே அடிக்கல்லே?" என்றார் டென்சிங் அண்ணன்.
கீழே திருவனந்தபுரம் பஸ் திரும்ப இடம் போதாமல்
ரிவர்ஸ் எடுத்து, ஹாரன் அடித்து, மறுபடி ரிவர்ஸ்.
நாயைப் பற்றி நிஜிலிடம் சொன்னேன்.
ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு
அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.
"அது இடைக்கு வாலாட்டும்," என்றான்,
"கண்டோ?"