ஐந்து வருடக் கரண்டி

முதலில் ஒரு பச்சைக் கோடு.
மாசி முடிய மூன்று.
திரையின் நெற்றியில் விபூதிப் பட்டைபோல் கிடந்தன.
கணக்கியல் பாடத்தின் எட்டாம் அலகை
அந்தப் பட்டைக்கு மேலும் கீழுமாய்
பிரித்துப் பிரித்துப் படித்தேன்.
ஒரு மாலை விசிறி மட்டும் சுற்றியது.
வெளிச்சம் வரவில்லை.

வூப்பர்டாலில், ஃபோவிங்கல் பக்கம்
தெருவின் தலைக்குமேல் ரயில் தொங்கிப்போகும்.
அதில்தான் கொண்டுபோனேன், மடியில் வைத்து.
காய்ச்சல் பிள்ளையைப்போல என்று எழுத வருகிறது, பொய்.
மா மூட்டையைப்போல வைத்திருந்தேன்,
இரவு வேலை முடித்த கோபத்தோடு.

கவுன்டரில் ட்ரெக்ஸ்லர்.
கராண்டீ உண்டா என்றார்.
வந்த புதிதில் இந்தச் சொல்
எனக்குக் கரண்டி என்றே கேட்கும்.
உண்டு, ஐந்து வருடக் கரண்டி,
நூற்று இருபத்தொன்பது ஐரோ
மேலதிகமாய்க் கட்டி வாங்கியது.
மூன்று தரம் திருத்துவோம்,
அதன்பிறகும் பழுதென்றால் புதிது தருவோம்,
என்றார் ட்ரெக்ஸ்லர்.

முதல் தரம் பதினேழு நாள்.
திருத்தியாயிற்று என்ற துண்டோடு வந்தது.
துண்டு திருத்தமாய்த்தான் இருந்தது.
இரண்டாம் தரம் திரையை மாற்றினார்கள்,
விசைப்பலகை செத்தது.
மூன்றாம் தரம்:
குறை எதுவும் காணப்படவில்லை.

வெளியில் நல்லபடியும்
வீட்டில் மட்டும் பழுதுமாய் இருப்பவை
எனக்குப் புதிதல்ல.

நாலாம் தரம் வீடியோ எடுத்துக்கொண்டு போனேன்.
பன்னிரண்டு நிமிடம் கறுப்புத் திரை,
பின்னால் என் குக்கரின் விசில்.
ட்ரெக்ஸ்லர் முழுவதையும் பார்த்தார்.
ஐந்தாவது விசிலில்
அடுப்பை அணைக்கவில்லையா என்றார்.
பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

வாங்கியவர் கையொப்பம்.
வாங்கியவர்: சபாநடேசன் கோகுலரமணன்.

இவர் வீட்டில் இருக்கிறாரா?
இல்லை.
எங்கே?
ஹாகனில்.

நீதிமன்றத்தில் பங்கு பிரித்தபோது
கட்டிலுக்கு, கடனுக்கு, குளிர்பெட்டிக்கு,
இரண்டு ஜோடிப் பனிச்சப்பாத்துக்கும்கூட
பெயர் எழுதினார்கள்.
மடிக்கணினி எனக்கென்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.
கரண்டியை ஒருவரும் நினைக்கவில்லை.
சட்டி என்னிடம்,
அகப்பை அவரிடம்.

கையெழுத்து ஒண்டு வேணும். லப்டொப்புக்கு.
அனுப்பிவிட்டு
ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.
பதினொரு மணிக்குப் பதில்:
ஞாயிறு. ஸ்டேசன் பேக்கரி. பத்து.

ஒரு கோப்போடு வந்திருந்தார்.
கடைச் சிட்டை வெப்பத்தாளில் அடித்தது;
நாலு வருடத்தில் எழுத்தெல்லாம் போய்
வெறும் வெள்ளையாய் இருந்தது.
அதன் பின்னால், கிளிப் போட்டு,
வாங்கிய அன்றே எடுத்த கொப்பி.
திகதி, தொகை, தொடர் இலக்கம்
எல்லாம் கன்னங்கரேலென்று.

பஸ் டிக்கெட்டையும் கொப்பி எடுக்கிற மனிசன் என்று
அவருடைய தமக்கைமார் முன்னால்
நான் சிரித்த சிரிப்பு ஒன்று உண்டு.
அது அந்த மேசைக்கும் வந்து
கோப்பிக் கோப்பைகளுக்கு நடுவே உட்கார்ந்தது.
இரண்டு பேரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

சோதினை எப்ப?
புரட்டாதியில.
ம்.

விவாகரத்துப் படிவத்துக்குப்
பதினாலு மாதம் எடுத்தவர்
இதற்கு நாலு விநாடி.
பேனையை மூடி, தன் கோப்பியின் காசை வைத்து,
என்னுடையதையும் வைக்கப்போய்,
வைக்காமல் எழுந்தார்.

புதியதன் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு
இதற்கும் ஐந்து வருடம் போடலாமா என்றார் ட்ரெக்ஸ்லர்.
நூற்று நாற்பத்தொன்பது.
வேண்டாம்.

படியேறி, மேடையில் நின்று,
ஒரு ரயிலைப் போகவிட்டேன்.
பிறகு இறங்கிப்போய்க் கட்டினேன்.
வாங்கியவர் என்ற கோட்டில் என் பெயர்
இடம் போதாமல் விளிம்பில் ஏறியது.

சிட்டையைக் கிழித்து நீட்டினார், இன்னும் சூடு.
ஒரு கொப்பி எடுத்துத் தாருங்கள் என்றேன்.
எத்தனை என்றார்.
ஒன்று என்று வாயெடுத்து,
இரண்டு என்றேன்.