ஐந்து புள்ளி ஒன்று

நாரின் மலையில் அந்த ஏப்ரலில்
காற்று வீசும்போது பூமி சும்மா இருந்தது.
காற்று விழுந்தால் நடுங்கியது.
மூன்று இரவு. காகிதத்தில் மட்டும்.

அந்தக் காகிதத்தை நம்பி
மாவட்ட அலுவலகம் அறிவித்தது.
அறிவிப்பை நம்பி
கச்கின்பாய் மூன்று பிள்ளைகளோடும் எழுபது ஆடுகளோடும்
உறைபனியில், கூரைக்கு வெளியே படுத்தான்.

நான்காம் நாள் நான் ஏறினேன்.
பையில் மல்டிமீட்டர், சாலிடர், ஒரு ரொட்டி.
பிஷ்கெக்கிலிருந்து ஒருவர் ஃபோனில், ஒவ்வொரு வளைவிலும்:
"அய்ஜரிக், பூமியா கருவியா? ஒரு வார்த்தை சொல்."

நிலையம் என்றால் ஆளுயரத் தகரப் பெட்டி.
மேலே காற்றாலை, மூன்று இறக்கை, ஒன்றில் விரிசல்.
காற்று அடித்தால் பதினைந்து வோல்ட்.
அடங்கினால் கிழட்டு பேட்டரி பதினொன்றுக்கு இறங்கும்.
சென்சாருக்கு இரண்டும் ஆகாது.
அதற்கு ஐந்து புள்ளி ஒன்று,
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அதைப் பிடித்து வைப்பது ஒரு ஜீனர் டையோடு.
அரிசி அளவு கண்ணாடி, ஒரு முனையில் கறுப்பு வளையம்.
மற்ற டையோடுகளை நேராக மாட்டுவோம்,
இதைத் தலைகீழாக.
தலைகீழாய் நின்றபடி மறிக்கும்,
இரண்டு, மூன்று, நான்கு வோல்ட் வரை பாறை மாதிரி.
ஐந்தைத் தாண்டினால் உடையும்.
உடையும் என்றுதான் புத்தகமும் சொல்கிறது.
ஆனால் சிதறாது.
குளம் நிறைந்ததும் கலிங்கு வழிவது போல
மிச்சத்தைத் தன் வழியே விட்டுவிட்டு
மட்டத்தைக் காக்கும்.
உடைந்தபடியே வேலை செய்வது
என் பெட்டியில் அது ஒன்றுதான்,
என்னைச் சேர்க்காவிட்டால்.

அது நன்றாகவே இருந்தது.
இரண்டு முறை சோதித்தேன்.

பழுது பக்கத்து வீட்டில்.
நீலம், சாம்பல், பழுப்பு:
அறுநூற்று எண்பது ஓம் மின்தடை.
போன கோடையில் துர்துபெக் மாட்டியது.
பேட்டரி வீணாகிறதே என்று
கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கிறான்.
கோடையில் காற்று ஓயவில்லை,
யாருக்கும் தெரியவில்லை.

காற்று விழுந்த இரவின் கணக்கு இது:
சென்சார் கேட்டது பத்து மில்லியாம்பியர்.
தடை விட்டது ஒன்பதுகூட இல்லை.
ஜீனருக்கென்று எதுவும் மிஞ்சவில்லை.
வழிய நீரில்லாத கலிங்கு வெறும் கல்.
மட்டம் சரிந்தது, ஊசி தடுமாறியது,
காகிதத்தில் மலை ஆடியது.

துர்துபெக், உன்னைத் திட்ட மாட்டேன்.
ஆனால் ஐந்து மில்லியாம்பியராவது
சும்மா, வெறும் சூடாக, வீணாய்ப் போகவேண்டும்.
வீண் இல்லை அது. காவலுக்குச் சம்பளம்.

ஆரஞ்சு, வெள்ளை, பழுப்பு. முந்நூற்றுத் தொண்ணூறு.
கையுறை கழற்றிப் பற்றவைத்தேன்.
இறக்கையைக் கயிற்றால் கட்டி நிறுத்தினேன்.
ரொட்டியைத் தின்றேன்.
பதிமூன்று. பன்னிரண்டு. பொழுது சாய்ந்தபோது பதினொன்று.
மீட்டரின் மறுபக்கம் அசையவில்லை.
"ஐந்து புள்ளி ஒன்று!" கத்திவிட்டேன்.

கீழே சரிவில் கச்கின்பாய்
கடைசிப் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினான்.
ஆடுகள் ஓடின.
நாய் மட்டும் நின்று என்னைப் பார்த்தது.

வோல்ட், வோல்ட், ரிக்டர் இல்லை
என்று கூவிக்கொண்டே நானும் ஓடினேன்.

மூச்சு வாங்க நின்றான். முழுதும் கேட்டான்.
கழற்றிய மின்தடையை உள்ளங்கையில் உருட்டினான்.
"இதுக்கா மூணு ராத்திரி?"
"இதுக்குத்தான்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை. குளிரில் செத்த
இரண்டு குட்டிகளின் நிறத்தைச் சொன்னான்.
ஒன்று முழுக் கறுப்பு.
ஒன்று பழுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை.
நிறங்களை எண்ணாக மாற்றத்தான் எனக்குத் தெரியும்.
அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஃபோன் அடித்தது. பூமியா, கருவியா?
"ஆள்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. பிறகு "கருவி" என்றேன்.

இரவு காற்று அறவே நின்றது.
மீட்டர் நின்ற இடத்திலேயே நின்றது.
பிள்ளைகளை உள்ளே படுக்கவைத்துவிட்டு
கச்கின்பாய் மட்டும் அன்றும்
கம்பளியோடு வெளியே வந்தான்.